பாரிஸ்டர் ஜோசப்பும் விருதுநகர் வழக்கும்

விருதுநகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் காமராசரை விட்டுவிட்டு எழுத இயலாது. அவர் பிறந்த வீடு, பயின்ற பள்ளி, சிறை சென்ற ஆண்டுகள், ஆட்சி செய்த ஆண்டுகள் ஆகிய அனைத்தையும் நம் பிள்ளைகள் பாடநூலிலேயே கற்றுவிடுகின்றனர். ஆயினும் 1933-ஆம் ஆண்டில் அவர்மீது வெடிகுண்டுச் சதி வழக்கு ஒன்று தொடுக்கப்பட்டதும், அதில் அவருக்குத் தண்டனை கிடைத்திருந்தால் தமிழகத்தின் பிற்கால வரலாறே வேறாகியிருக்கும் என்பதும் பலர் நினைவில் இல்லை. அவ்வழக்கில் அவருக்காக வாதாடிய பாரிஸ்டரின் பெயரோ அதனினும் அரிதாகவே நினைக்கப்படுகிறது. அவர் இந்த மண்ணில் பிறந்தவர் அல்லர். இம்மண்ணின் எந்தச் சாதிக்கும் உரியவரும் அல்லர். செங்கன்னூரில் பிறந்து மதுரையைத் தம் ஊராக்கிக்கொண்ட ஜார்ஜ் ஜோசப் என்னும் சீரியக் கிறிஸ்தவர் அவர். பொதுவாழ்வில் கிறிஸ்தவரின் இடம் எது என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுகிறது. அதற்கு விடை தேடுவோர் இவருடைய வாழ்க்கையைச் சற்றே நின்று நோக்குவது நன்று என எண்ணுகிறோம்.

பாரிஸ்டர் என்ற சொல்லுக்கு அக்காலத்தில் இருந்த மதிப்பை இன்றைய இளைஞர் உணர்வது கடினம். லண்டன் நகரிலுள்ள நான்கு பழமையான சட்ட நிறுவனங்களுள் ஒன்றில் சேர்ந்து, விதிக்கப்பட்ட பருவங்களில் அங்குள்ள கூடத்தில் விருந்துண்டு, தேர்வில் வென்று திரும்பியவரே பாரிஸ்டர். விருந்துண்பதும் படிப்பின் ஒரு பகுதியா என்று வியப்பவர் வியக்கலாம். முறை அப்படித்தான் இருந்தது. கடல் கடந்து சென்று தங்கிப் படிக்க வசதி வேண்டும். திரும்பி வந்தபின் அந்தச் செலவைப் பன்மடங்காக ஈட்டவும் வழி இருந்தது. ஆயினும் இந்தப் பட்டத்துடன் திரும்பியவர்களுள் ஒரு தலைமுறையினர் வேறொரு வழியில் நடந்தனர். மிடில் டெம்பிளில் பயின்ற வல்லபாய் பட்டேல் 1917-இல் அகமதாபாத் நகராட்சி உறுப்பினராகிப் பின்னர் அதன் தலைவருமானார். சித்தரஞ்சன் தாஸ் 1924-இல் கல்கத்தா மாநகரின் மேயரானார். சவகர்லால் நேரு ஏறத்தாழ அதே காலத்தில் அலகாபாத் நகராட்சியின் தலைவராக இருந்தார். சாக்கடையும் குடிநீரும் தெருவிளக்கும் பற்றிய கோப்புகளைப் படித்த பின்னரே இவர்கள் நாட்டைப் பற்றிப் பேசினர் என்றால் அது மிகையாகாது. ஜார்ஜ் ஜோசப் இத்தலைமுறையைச் சேர்ந்தவர். ஆனால் அவருடைய பாதை நகராட்சி மன்றங்களின் வழியே செல்லாமல் நீதிமன்றங்கள், ஆலைவாசல்கள், சிறைக்கூடங்கள் வழியே சென்றது.

1887 சூன் 5-ஆம் நாள் அவர் பிறந்தார். பின்னாளில் நாடறிந்த பத்திரிகை ஆசிரியராக விளங்கிய போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. ஜார்ஜ் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின்பு எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் பயின்று தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதன்பின் மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று 1909 சனவரியில் தாயகம் திரும்பினார். முதலில் சென்னையில் தொழில் தொடங்கினார். விரைவிலேயே மதுரைக்கு வந்துவிட்டார். உயர்நீதிமன்றத்தை விட்டு மாவட்ட நீதிமன்றத்தை நாடி வந்த இம்முடிவுதான் அவர் வாழ்வைத் தமிழ் மண்ணோடு பிணைத்தது.

மதுரையில் அவரது தொழில் செழித்தது. அன்னி பெசண்ட் அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தில் அவர் ஈடுபட்டார். முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், இந்தியாவின் தன்னாட்சிக் கோரிக்கையை இங்கிலாந்து மக்களிடம் எடுத்துரைக்கப் புறப்பட்ட குழுவில் அவரும் ஒருவர். கப்பல் ஜிப்ரால்டரை அடைந்தபோது ஆங்கில அரசு அவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டது. அதே காலத்தில் மதுரையில் ஆற்றிய சொற்பொழிவுக்காக டாக்டர் வரதராஜுலு நாயுடு கைது செய்யப்பட்டார். அவருக்காக வழக்காட வந்தவர் ராஜாஜி. உடனிருந்து துணைபுரிந்தவர் ஜார்ஜ் ஜோசப். இந்தப் பெயரை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். வரதராஜுலு நாயுடுவை விருதுநகர் வழக்கில் மீண்டும் காண்போம். மதுரைப் பஞ்சாலைத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய தொடக்கக்காலத் தலைவர்களுள்ளும் அவர் ஒருவர். ஆங்கிலேயரின் ஆலையில் ஆங்கிலப் பட்டம் பெற்ற ஒருவர் கூலியுயர்வும் வேலைநேரக் குறைப்பும் கேட்டு நின்றது அக்கால மதுரைக்குப் புதிய காட்சியாகவே இருந்திருக்கும்.

ஆனால் மக்கள் நெஞ்சில் அவரை நிறுத்தியது இவை எதுவும் அன்று. குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கு எதிரான அவரது போராட்டமே. 1871-இல் வட இந்தியாவில் பிறந்த அச்சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டு, 1914 முதல் மதுரை வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர்மீது ஊர் ஊராகச் செலுத்தப்பட்டது. ஒருவன் குற்றம் செய்தானா என்று சட்டம் கேட்பதுதான் முறை. இச்சட்டமோ அவன் எந்தக் குடியில் பிறந்தான் என்று கேட்டது. வயது வந்த ஆண்கள் தம் கைரேகையைப் பதிவு செய்தல் வேண்டும். ஊரைவிட்டு வெளியே செல்லச் சீட்டுப் பெறல் வேண்டும். இரவு நேரங்களில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ சென்று படுத்தல் வேண்டும். மணமான அன்றிரவே மாப்பிள்ளை சாவடிக்குச் செல்ல நேர்ந்த கதைகளை அவ்வட்டார முதியோர் சொல்லக் கேட்டவர்கள் உண்டு. மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர்.

1920 ஏப்ரல் 3-ஆம் நாள் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். அம்மக்களுக்காக நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் வாதாடியவர் பாரிஸ்டர் ஜோசப். அவர்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தனர். அவர் கோட்டில் ரோசாப்பூ அணிந்திருந்ததால் வந்த பெயர் என்பர் சிலர். ஜோசப் என்ற அயற்பெயர் கிராமத்து நாவில் ரோசாப்பூ ஆனது என்பர் வேறு சிலர். எப்படி வந்ததாயினும், தம் பிள்ளைகளுக்கு அப்பெயரைச் சூட்டும் அளவுக்கு அம்மக்கள் அவரை நேசித்தனர். பட்டங்கள் பல பெற்ற ஒருவருக்கு ஏழை மக்கள் அளித்த இப்பட்டத்தைவிட உயர்ந்தது வேறில்லை என்று எண்ணத் தோன்றுகிறது.

அடுத்து வந்தது ஒத்துழையாமை இயக்கம். வழக்குரைஞர்கள் நீதிமன்றங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்று காந்தியடிகள் கேட்டார். செழித்த தொழிலை ஜார்ஜ் ஜோசப் விட்டார். மோதிலால் நேரு அலகாபாத்தில் நடத்திவந்த 'இண்டிபெண்டண்ட்' நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1921 டிசம்பரில் நேரு குடும்பத்தார் கைதான காலத்தில் அவரும் சிறைப்பட்டார். 1923-இல் காந்தியடிகளின் 'யங் இந்தியா' ஏட்டுக்கு ராஜாஜியை அடுத்து ஆசிரியரானார். இவையனைத்தையும் நாம் விரைந்தே கடந்து செல்கிறோம். ஏனெனில் அவர் வாழ்வின் முடிச்சு 1924-இல் வைக்கத்தில்தான் விழுந்தது.

வைக்கம் திருவிதாங்கூர் அரசின் கீழிருந்த ஊர். அங்குள்ள சிவன் கோவிலைச் சூழ்ந்த பொதுச் சாலைகளில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. கிறிஸ்தவரும் இசுலாமியரும் நடக்கத் தடையில்லை. இவ்வொரு செய்தியை வாசகர் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஜார்ஜ் ஜோசப் அச்சாலையில் எப்போது வேண்டுமாயினும் நடக்கலாம், எவரும் கேளார். தமக்கு ஏற்கெனவே இருந்த உரிமைக்காக எவரும் சிறை செல்வதில்லை. அவரோ, தமக்கிருந்து பிறர்க்கில்லாத உரிமைக்காகச் சென்றார். மார்ச் 30-ஆம் நாள் அறப்போர் தொடங்கியது. டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன் முதலிய தலைவர்கள் ஏப்ரல் தொடக்கத்திலேயே கைதாயினர். தலைமையை ஏற்ற ஜோசப்பும் சில நாட்களிலேயே கைது செய்யப்பட்டார். தலைவர்கள் இன்றி இயக்கம் தளர்ந்துவிடாதபடி, தமிழ்நாட்டிலிருந்து ஈ.வெ. ராமசாமியாரை வைக்கத்துக்கு அழைத்தவர்களுள்ளும் அவர் ஒருவர். பெரியாருக்கு 'வைக்கம் வீரர்' என்ற பெயர் வந்த கதையின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்தவ பாரிஸ்டரின் அழைப்பு இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் காந்தியடிகள் ஜோசப்புக்குக் கடிதம் எழுதினார். தீண்டாமை இந்துக்களின் பாவம். அதற்குக் கழுவாய் தேட வேண்டியவர்களும் இந்துக்களே. கிறிஸ்தவர் பரிவு காட்டலாம், எழுதலாம், ஆனால் அறப்போரை இந்துக்களிடமே விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். போராட்டக் களத்தில் இலவச உணவுச்சாலை நடத்திய சீக்கியரையும் அவர் இவ்வாறே விலகச் சொன்னார்.

காந்தியடிகளின் நிலையில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வேற்றுச் சமயத்தார் முன்னிற்கும்போது, சீர்திருத்தத்துக்கு எதிரானோர் அதனை மதமாற்றச் சூழ்ச்சி எனத் திரித்துவிடுவர் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கலாம். பாவம் செய்தவரே மனம் வருந்த வேண்டும் என்பதும் நாம் அறிந்த உண்மையே. ஒருவருக்காக இன்னொருவர் மனம் வருந்த முடியாது. ஆயினும் வைக்கத்தில் கேட்கப்பட்டது கோவிலுக்குள் இடமன்று. அரசு அமைத்த சாலையில் கால்வைக்கும் உரிமை. சாலை எந்தச் சமயத்துக்கும் சொந்தமன்று. சட்டம் பயின்ற ஒருவர் அதனைக் குடிமக்களின் உரிமைச் சிக்கலாகக் கண்டதில் வியப்பில்லை. அக்கடிதத்தின் வழிநின்று நோக்கினால், ஒவ்வொரு சமூகமும் தன் தன் துயரத்துக்கு மட்டுமே குரல் கொடுக்க முடியும். அந்த அளவுகோலின்படி உசிலம்பட்டிக் கிராமங்களில் ஒரு சீரியக் கிறிஸ்தவருக்கு என்ன வேலை? எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு நின்ற சமாரியனுக்கும் அங்கே வேலையில்லை என்றே சொல்லிவிடலாம் அன்றோ?

1925 நவம்பரில் ஓர் உடன்பாட்டுடன் வைக்கம் அறப்போர் முடிந்தது. ஒரு சாலை நீங்கலாக மற்றவை திறக்கப்பட்டன. ஜார்ஜ் ஜோசப் மதுரைக்குத் திரும்பி மீண்டும் கறுப்பங்கியை அணிந்தார். தொழிலைத் துறந்தவர் திரும்பவும் தொழிலுக்கு வந்ததைக் குறையாகக் கருதுவோர் அன்றும் இருந்திருப்பர். அந்த அங்கி மீண்டும் அவர் தோளேறியது விருதுநகருக்கு நன்மையாயிற்று.

விருதுநகர் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து அமைக்கப்பட்ட மாவட்டம் அது. இன்றைய விருதுநகர் மாவட்டம் அதிலிருந்து 1985-இல் பிரிந்ததே. மழை குறைந்த கரிசல் மண். பருத்தியும் மிளகாயும் வணிகமும் வளர்த்த ஊர்கள். நாடார் உறவின்முறையினர் தங்கள் கடைகளில் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளி கண்டனர். வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு வளர்ந்ததே. 1915-இல் நகராட்சியான விருதுபட்டி 1923-இல் விருதுநகர் எனப் பெயர் மாறியது. அவ்வாண்டே சிவகாசிக்கும் திருப்புமுனை: கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே அதனைத் தொடங்கினர். நாம் இன்று காணும் பட்டாசுத் தொழில் அதன்பின் வளர்ந்த கிளை. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அது ஆலைத்தொழிலாக உருப்பெற்றது.

இந்த வளத்துக்கு அடியில் ஆறாத புண் ஒன்றும் இருந்தது. 1897-இல் கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். சேதுபதி வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு மதுரையிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் சென்று 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையே 1899 சூன் 6-இல் மறவர் திரளொன்று சிவகாசியைத் தாக்கிய கலவரத்தில் உயிரும் உடைமையும் அழிந்தன. இருதரப்பிலும் வழக்குகள், தண்டனைகள், வஞ்சினங்கள். ஒரே மாவட்டத்தில் ஒருவரையொருவர் நம்பாத மக்கள் அருகருகே வாழ்ந்தனர். மறவர்களையும் குற்றப்பரம்பரைச் சட்டம் விட்டுவைக்கவில்லை. அச்சட்டத்தை எதிர்த்த பாரிஸ்டரே பின்னர் ஒரு நாடார் இளைஞருக்காகவும் நீதிமன்றம் ஏறினார் என்பதன் பொருளை இப்பின்னணியில் வைத்துத்தான் காணல் வேண்டும்.

அந்த இளைஞர் 1903 சூலை 15-இல் பிறந்தவர். ஆறு வயதளவில் தந்தை குமாரசாமி நாடாரை இழந்தார். தாய் சிவகாமி அம்மையார் வளர்த்தார். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. மாமன் கறுப்பையா நாடாரின் துணிக்கடையில் அமர்ந்தவரின் மனம் பொதுக்கூட்டங்களில் இருந்தது. வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் ஆற்றிய சொற்பொழிவுகள் அவரைக் கவர்ந்தன. பிள்ளையின் போக்கு சரியில்லை என்று வீட்டார் அவரைத் திருவனந்தபுரத்திலிருந்த மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர். நெருப்புக்கு அஞ்சி விறகுக் கிடங்குக்கு அனுப்பிய கதையாயிற்று. வைக்கம் போராட்டத்தில் அவரும் கலந்துகொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1930-இல் வேதாரண்ய உப்பு அறப்போரில் பங்கேற்று அலிப்புரம் சிறைக்குச் சென்றார். அடுத்த ஆண்டு காந்தி-இர்வின் உடன்படிக்கையால் விடுதலையானார்.

1933-ஆம் ஆண்டுக்கு வருவோம். சட்டமறுப்பு இயக்கம் தளர்ந்துகொண்டிருந்த நேரம். லாகூர்ச் சதி வழக்கில் தண்டிக்கப்பட்ட பகத்சிங் தூக்கிலேறி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. மீரத்துச் சதி வழக்கின் தீர்ப்பு அவ்வாண்டு சனவரியில் வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டது. 'சதி' என்னும் சொல் அக்காலத்தில் அரசின் கையில் கூரிய கருவியாக இருந்தது. 1913-இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் குற்றச்சதி தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. அதன் தன்மை எத்தகையது என்றால், ஒருவன் தன் கையால் ஒன்றும் செய்யாதபோதும், செய்தவர்களோடு உடன்பட்டான் என்று காட்டிவிட்டால் போதும். ஆகவே சான்று செயலை விட்டு உறவைத் தேடிச் செல்கிறது: யாரோடு பழகினான், யார் வீட்டில் உண்டான், யாருக்குக் கடிதம் எழுதினான். ஊரெல்லாம் அறிந்த ஒரு காங்கிரஸ் தொண்டனுக்கு இத்தகைய உறவுகள் எண்ணற்றவை. விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராசரைச் சேர்க்க அரசுக்கு வழி கடினமாக இருந்திருக்காது.

இதற்கு முன் அவர் கண்ட சிறைகளும் இவ்வழக்கும் ஒன்றல்ல. அறப்போர் வீரன் சிறை செல்லும்போது ஊர் மாலையிட்டு அனுப்புகிறது. அவன் செய்ததை மறைப்பதில்லை, மறுப்பதுமில்லை. வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்றவனோ பல்லாண்டு வெளியே வர இயலாது. அறவழியில் நின்றவன் என்ற பெயரும் போய்விடும். காந்தியடிகளின் வழியில் நின்ற ஒருவருக்கு உயிரினும் பெரிய இழப்பு அது. வழக்கு வென்றேயாக வேண்டிய வழக்கு.

அப்போது வந்து நின்றவர்கள் இருவர்: வரதராஜுலு நாயுடு, ஜார்ஜ் ஜோசப். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மதுரை வழக்கில் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவராகவும் மற்றவர் வழக்குரைஞராகவும் இருந்தனர். இப்போது இருவரும், தங்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்காக ஒரே பக்கம் நின்றனர். குற்றச்சாட்டுகள் அடிப்படையற்றவை என்று காட்டப்பட்டன, காமராசர் விடுதலையானார். இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. இன்று 'குண்டு' என்பது இவ்வட்டாரத்தில் பட்டாசுக் கடை விலைப்பட்டியலில் இடம்பெறும் பெயர். அன்று அது ஒருவரின் வாழ்வையே முடித்துவிடக்கூடிய சொல்லாக இருந்தது.

காமராசர் அன்று முப்பது வயது இளைஞர். பதவி எதுவும் இல்லாதவர். பின்னாளில் என்னவாவார் என்று எவரும் அறியார். அப்படிப்பட்டவருக்குப் பாரிஸ்டர் ஆற்றிய உதவியில் கைம்மாறு எதிர்பார்க்க இடமில்லை. கைம்மாறு பெறும் நாள்வரை அவர் உயிரோடு இருக்கவும் இல்லை.

1937-இல் அவர் மத்திய சட்டமன்றத்துக்குக் காங்கிரஸ் வேட்பாளராகப் போட்டியிட்டு வென்றார். தொகுதி மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய மூன்றையும் உள்ளடக்கியது. கிறிஸ்தவர்க்கென ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி அன்று; பெரும்பான்மை மக்களின் வாக்கால் நிரப்பப்படும் தொகுதி. மாகாண மன்றத்தில் இந்தியக் கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதிகள் இருந்த காலத்தில், மலையாளத் தாய்மொழியினரான ஒரு கிறிஸ்தவரைத் தென்பாண்டி நாடு தன் பேராளராகத் தில்லிக்கு அனுப்பிற்று. ஆனால் இதனை அளவுக்கு மீறிப் போற்றுதல் தகாது. அன்று வாக்குரிமை சொத்தும் வரியும் உடையோர்க்கே இருந்தது. கைரேகை வைத்துவிட்டுச் சாவடியில் படுத்திருந்தவர்களுள் மிகச் சிலரே வாக்காளர் பட்டியலில் இருந்திருப்பர். யாருக்காக அவர் முதன்முதலில் குரலெழுப்பினாரோ, அவர்களுள் பெரும்பாலோர் அவருக்கு வாக்களிக்க இயலவில்லை.

தில்லியில் அவர் பணிசெய்ய நாள் வாய்க்கவில்லை. 1938 மார்ச் 5-ஆம் நாள் மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் மறைந்தார். ஐம்பத்தொன்றாம் பிறந்தநாளுக்கு மூன்று மாதம் இருந்தது.

அவர் காத்த இளைஞரின் கதை தொடர்ந்தது. 1937-இல் காமராசர் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குப் போட்டியின்றித் தேர்வானார். அந்நாளில் தேர்தலில் நிற்க வரி செலுத்துபவராக இருத்தல் வேண்டும். சொத்தில்லாத அவர் பெயரில் முத்துராமலிங்கத் தேவர் ஓர் ஆட்டை வாங்கி, அதற்கு வரி கட்டித் தகுதி பெறச் செய்தார் என்ற கதை இம்மாவட்டத்தில் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன் ஒவ்வொரு விவரமும் சரியா என்பது ஒருபுறம் இருக்க, நாடார் ஒருவருக்காகத் தேவர் ஒருவர் ஆடு வாங்கினார் என்பதை மக்கள் நம்பிச் சொல்லிவந்ததே நமக்கு முதன்மையாகப் படுகிறது. சிவகாசிக் கலவரம் முடிந்து நாற்பது ஆண்டுகூட ஆகாத காலம் அது. காங்கிரஸ் மேடை இரு சமூகத்தாரையும் சிறிது காலமேனும் அருகருகே அமர்த்தியது.

1941-இல் காமராசர் வேலூர்ச் சிறையில் இருந்தபோது விருதுநகர் நகராட்சி உறுப்பினர்கள் அவரைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். பட்டேலும் நேருவும் பாரிஸ்டர் பட்டத்தோடு ஏறி அமர்ந்த அதே வகை நாற்காலி, ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவருக்காகக் காத்திருந்தது. அவ்வாண்டு நவம்பரில் விடுதலையாகி வந்தவர் அப்பதவியிலிருந்து விலகிவிட்டார். முழுமையாகச் செய்ய இயலாத பணியை ஏற்றல் ஆகாது என்பது அவர் கொள்கை. நகர்மன்றத் தலைமை என்பது பெயருக்கு வைத்துக்கொள்ளும் அணிகலன் அன்று. நாள்தோறும் வந்து அமர வேண்டிய வேலை என்பதை அவர் அறிந்திருந்தார். பதவியை விட மனமின்றி விடுப்பிலேயே காலங்கழிக்கும் உறுப்பினர்களை எல்லா ஊர்களும் கண்டிருக்கின்றன. ஆதலால் இச்செய்தியை ஒரு வரியோடு விட்டுவிட மனம் வரவில்லை.

பாரிஸ்டர் விட்டுச்சென்ற பிற காரியங்களும் ஒவ்வொன்றாக நிறைவேறின. அவர் மறைந்த மறு ஆண்டு, 1939 சூலை 8-இல், வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் சென்றார்; விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடாரும் உடன் சென்றார். வைக்கத்தில் சாலையளவில் நின்ற உரிமை மதுரையில் சந்நிதி வரை சென்றது. கமுதி வழக்கில் நீதிமன்றம் அடைத்த கதவும் அன்றே திறந்தது. 1947-இல் சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டது. அச்சட்டம் சுட்டிய குடிகள் இன்று அரசுப் பட்டியலில் சீர்மரபினர் எனப்படுகின்றனர்.

இராமநாதபுரம் மாவட்டத்தின் புண்மட்டும் ஆறவில்லை. 1954-இல் காமராசர் முதலமைச்சரானார். 1957-இல், ஒரு காலத்தில் அவருடன் ஒரே கட்சியில் இருந்த முத்துராமலிங்கத் தேவர் எதிரணியில் நின்றார். அவ்வாண்டு செப்டம்பரில் முதுகுளத்தூர் வட்டாரத்தில் சாதிப் பூசல் மூண்டது. அமைதிக் கூட்டத்தில் கலந்துகொண்ட மறுநாள், செப்டம்பர் 11-இல், தாழ்த்தப்பட்டோர் தலைவர் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். சில நாட்களில் கீழத்தூவலில் மறவர் ஐவரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. தேவர் கைது செய்யப்பட்டார். கிராமங்கள் எரிந்தன. ஒவ்வொரு தரப்பும் தன் தரப்புத் தலைவரை மட்டுமே நம்பியது. ஆட்சியாளரின் சாதியைச் சொல்லி அரசையும் ஐயுற்றனர். தம் சாதியைச் சாராத ஒருவரை, அவர் யாரென்று கேளாமல் அழைத்து வழக்கை ஒப்படைக்கும் மனநிலை அங்கு எவருக்கும் இருக்கவில்லை. அத்தகைய ஒருவர், மதுரையில் அடக்கம் செய்யப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.